பளபளக்கும் கதவைத்தான் முதலில் பாருங்கள்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கார் கம்பெனி எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சாரம் மட்டும் இங்கே.

குடும்பத்தின் முதல் கார். கறுப்பு நிறம். ஷோரூம் விலை 11 லட்சத்து 60 ஆயிரம், அதில் பாதிக்கு மேல் வங்கிக் கடன். டெலிவரி எடுத்து ஏழு வாரம் ஆகிறது. மூன்றாவது வாரம் ஓர் இரவு பெட்ரோல் பங்கில் நின்றபோது, மேலே எரிந்த டியூப் லைட்டின் பிம்பம் ஓட்டுநர் கதவில் நேர்கோடாக விழாமல் நெளிந்து தெரிந்திருக்கிறது. கிட்டே குனிந்து பார்த்தால் ஆரஞ்சுப் பழத்தின் தோலைப் போலப் பொடிப்பொடியாக மேடு பள்ளம். அன்றிலிருந்து தூக்கம் இல்லை என்கிறார்.

தம்பி, "இது ரீபெயிண்ட் வண்டி அக்கா, ஏமாத்திட்டாங்க, வக்கீல் நோட்டீஸ் விட்டு வேற புது வண்டி கேளு" என்கிறார். ஷோரூமில் முதல் முறை, "எல்லா வண்டியும் இப்படித்தான் மேடம் வரும்" என்றவர்கள், இரண்டாம் முறை போனபோது இறங்கி வந்திருக்கிறார்கள்: இடது பின்கதவு நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், மீதி மூன்றையும் அதே மாதிரி இலவசமாக பெயிண்ட் அடித்துத் தருகிறோம் என்று. கார் டீடெய்லிங் கடை (காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் கடை) வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பையன், வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பஃபிங் செய்து (மெஷினால் மெருகேற்றி), மேலே செராமிக் கோட்டிங் என்ற காப்புப் படலமும் போட்டால் மொத்த வண்டியும் கண்ணாடி ஆகிவிடும், 28,000 ரூபாய் என்கிறார். மாமனார் மட்டும், புது வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரே பிடியாக நிற்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா, இதில் எதைச் செய்ய என்பது கேள்வி.

வணக்கம் டீச்சர்.

மனதை அரிக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சுத் தோல் இருப்பதால் மட்டும் ஒரு வண்டி ரீபெயிண்ட் வண்டி ஆகிவிடாது. ஆலையிலிருந்து நேராக வரும் புது வண்டியில், அதுவும் கதவு மாதிரி செங்குத்தான இடங்களில், ஓரளவு இருப்பதுதான் வழக்கம். 50 லட்சம் கொடுத்து வாங்கும் காரிலும் இருக்கும். அடுத்த முறை கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது வாசலில் நிற்கும் கறுப்பு கார்களின் கதவுகளைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்; உங்களுடையதைவிட மோசமானது ஒன்றாவது கிடைக்கும். வெள்ளை, சில்வர் வண்டிகளிலும் இதே மேடு பள்ளம் உண்டு, கண்ணுக்கு எளிதில் படாது. கறுப்பு எதையும் மறைக்காத நிறம்.

ஆனால் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இடது பின்கதவு மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மற்றதும் அப்படி இருக்கக் கூடாதா?" நான் நின்றது அந்த வரியில்தான். நெளிந்து தெரியும் மூன்று கதவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த ஒரு நல்ல கதவைத்தான் சோதிக்க வேண்டும்.

மேடு பள்ளம் எப்படி வருகிறது

ஆலையில் தகட்டின் மேல் பொதுவாக நான்கு அடுக்கு ஏறும். பாஸ்பேட் குளியலுக்குப் பிறகு வண்டியின் கூட்டையே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைக்கும் ஈ-கோட் சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்கு மேல் பிரைமர் 30, 35. நிறம் தரும் பேஸ் கோட் 15 முதல் 20. கடைசியில், பளபளப்பையும் கொடுத்து வெயில் மழையையும் தாங்கும் கிளியர் கோட் 35 முதல் 50. எல்லாம் சேர்த்து 100 முதல் 125 மைக்ரான் வரும். ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெயிண்ட் துளித்துளியாகத்தான் போய் விழுகிறது. விழுந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து தட்டையாகப் பரவ வேண்டும். அதற்குள் இறுகிவிட்டால் மேடு பள்ளம் அப்படியே நின்றுவிடும். தோசை மாவு கெட்டியாக இருந்தால் கரண்டி சுற்றிய தடம் கல்லில் அப்படியே தெரியும், கொஞ்சம் நீர்க்க இருந்தால் தானே பரவிச் சமமாகும் இல்லையா, அதே கதைதான். சரி, நீர்க்கவே அடிக்கலாமே என்றால், கதவு படுத்திருக்கவில்லை, நிற்கிறது. நீர்த்த பெயிண்ட்டோ அதிகம் அடித்த பெயிண்ட்டோ கதவில் வழிந்து இறங்கும். வழிந்த கதவை ஆலை வெளியே விட முடியாது. லேசாக நெளிந்த கதவை விடலாம். பானெட்டிலும் கூரையிலும் உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாததற்குக் காரணமும் இதுதான். அவை படுத்திருக்கும் பரப்புகள், வழிந்துவிடுமோ என்ற பயம் அங்கே இல்லை. போதாததற்கு, காற்றில் கலக்கும் கரைப்பானைக் குறைக்கச் சொல்லும் சுற்றுச்சூழல் விதிகளால் இன்றைய கிளியர் கோட்டில் கரைப்பான் குறைவு, திடப்பொருள் அதிகம். பரவுவதற்கு அது கூடுதல் தடை.

இது நம்மூர் வேலை என்பதால் வந்த குறை என்று தம்பி நினைத்தால் அதுவும் சரியில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளிலும் வெளிப்பரப்பை அடிப்பது ரோபோதான். நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் முறை சுழலும் கிண்ணத்திலிருந்து, மின்னேற்றம் பெற்ற துளிகளாகப் பெயிண்ட் பறந்து போய் ஒட்டும். முடிந்த வண்டியின் மேல் வேவ்-ஸ்கேன் என்ற கருவியை உருட்டி, மேடு பள்ளத்தை அலையாக அளப்பார்கள். 1.2 முதல் 12 மில்லிமீட்டர் வரை நீள அலை, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் தெரிவது. அதற்குக் கீழே குறு அலை, கைக்கெட்டும் தூரத்தில் தெரிவது. எவ்வளவு வரை ஏற்கலாம் என்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஓர் எல்லை வைத்திருக்கும். அந்த எல்லை பூஜ்யம் இல்லை.

பெட்ரோல் பங்கில் தெரிந்தது ஏன் ஷோரூமில் தெரியவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். ஆலையில் பெயிண்ட்டைச் சோதிப்பதே வரிசையாக டியூப் லைட் எரியும் கூடத்தில்தான். நேர்கோட்டு வெளிச்சம் பரப்பின் நெளிவைக் காட்டிக் கொடுத்துவிடும். தெரியாமலே நீங்கள் ஒரு சோதனைக் கூடத்துக்குள் வண்டியை நிறுத்திவிட்டீர்கள்.

அந்த இடது பின்கதவு

இடது பக்கமும் வலது பக்கமும் லேசாக மாறுபடலாம். ஆனால் இடது முன்கதவும் பின்கதவும் அடுத்தடுத்து, ஒரே ஓட்டத்தில் அடிக்கப்பட்டவை. முன்கதவு நெளிந்தும் பின்கதவு கண்ணாடியாகவும் இருந்தால், ஆலையின் ரோபோவுக்குப் பிறகு ஒரு மனிதக் கை அதைத் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். கீறலைப் போக்க கிளியர் கோட்டை மட்டும் தேய்த்து பஃபிங் செய்திருக்கலாம். இல்லை, கதவையே மறுபடி பெயிண்ட் அடித்து, பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கலாம். நல்ல பெயிண்டர் கையால் தேய்த்து முடித்த கதவு ஆலைக் கதவைவிட வழவழப்பாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. புது வண்டி ஆலை வாசலைத் தாண்டி உங்கள் கைக்கு வருவதற்குள் ட்ரெய்லரில் ஏறி இறங்குகிறது, யார்டில் கதவோடு கதவு நெருங்கி நிற்கிறது, ஷோரூம் வாசலில் திரும்புகிறது. அடி விழ இடமா இல்லை?

வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, காலை வெளிச்சத்தில் அந்தக் கதவைத் திறந்து பாருங்கள். கதவின் உள்விளிம்பில் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். ஆலைப் பெயிண்ட் உள்ளே வரை ஒரே சீராக ஓடும். மறுபடி அடித்ததில், மாஸ்கிங் டேப் ஒட்டிய இடத்தில் மெல்லிய ஒரு படி நகத்தில் தட்டும். கீல்களைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறதா? ரப்பர் பீடிங்கின் ஓரத்தில் கறுப்புத் தூவல் இருக்கிறதா? முன்கதவின் உள்பக்கம் இருக்கும் ஸ்டிக்கர் பின்கதவில் இல்லாமல் போயிருக்கிறதா? அப்புறம், நேர் வெயிலில் கதவைச் சாய்வாகப் பாருங்கள். பஃபிங் மெஷின் போன இடத்தில் சூரியனைச் சுற்றி வானவில் சாயலில் சுழல் கோடுகள் நகரும். மற்ற கதவுகளில் அது இருக்காது.

இவை எல்லாம் சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். முடிவு சொல்வது பெயிண்ட் கனம் அளக்கும் கேஜ். பழைய கார் வாங்கி விற்பவர்களின் ஆய்வாளர்கள் கையில் இது எப்போதும் இருக்கும். ஒரு மணி நேரம் வரச்சொல்லி வண்டி முழுக்க அளந்து, ஒவ்வொரு தகட்டிலும் நாலைந்து இடத்தில் வந்த எண்ணைக் கேஜோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பம்பர் பிளாஸ்டிக், அங்கே இந்தக் கருவி வேலை செய்யாது. பம்பரை வேறு இடத்தில் தனியாகப் பெயிண்ட் அடிப்பதால் அதன் தோற்றம் கொஞ்சம் மாறுபட்டால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

முன்கதவு 115, பின்கதவு 110 என்று வந்தால் அது தேய்த்து பாலிஷ் போட்ட கதவாக இருக்கலாம், புதிதாகப் பெயிண்ட் ஏறவில்லை. பின்கதவு 200 முதல் 300 என்றால் மேலே இன்னொரு முறை பெயிண்ட் ஏறியிருக்கிறது. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது, அதாவது தகடு நசுங்கி, டிங்கரிங் நடந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆலையிலேயே குறை கண்ட வண்டியைத் திருப்பி அனுப்பி இன்னொரு சுற்று பேஸ் கோட்டும் கிளியரும் அடிப்பது உண்டு. அதிலும் 180, 200 என்று வரும். அது ஆலைச் சூட்டில் சுட்ட பெயிண்ட், தரத்தில் குறைவில்லை. அதனால் 190-ஐப் பார்த்ததும் தம்பியை அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம்.

இலவச பெயிண்ட் வேண்டாம்

ஷோரூமின் பேச்சை நல்லெண்ணம் என்றே எடுத்துக்கொண்டாலும், இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகளில் மோசமானது இதுதான்.

ஆலையில் கிளியர் கோட் சுமார் 140 டிகிரி சூட்டில் வேகிறது. அப்போது வண்டி வெறும் இரும்புக் கூடு; சீட் இல்லை, வயர் இல்லை, கண்ணாடி இல்லை. இப்போது உங்கள் வண்டியில் எல்லாம் இருக்கிறது. அந்தச் சூட்டில் வைத்தால் பிளாஸ்டிக் உருகிவிடும் என்பதால், பாடி ஷாப்பில் ஹார்டனர் கலந்த வேறு வகைப் பெயிண்ட்டை 60 டிகிரி சுற்றுவட்டத்தில் காயவைப்பார்கள். நன்றாகச் செய்தால் அதுவும் பல வருடம் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் எந்த நோயும் இல்லாத மூன்று கதவுக்கு ஏன் அது? கைப்பிடியைக் கழற்றி, பீடிங்கை உரித்து, ஆலைப் பெயிண்ட்டைக் கரகரவென்று தேய்த்து, மேலே அடித்து, மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். கிளிப் உடையும், தூசி ஒட்டும், பக்கத்துத் தகட்டோடு ஷேட் ஒட்டாமல் போகும். கையில் பிடித்த ஸ்ப்ரே துப்பாக்கியால் அடித்ததிலும் ஆரஞ்சுத் தோல் வரலாம் என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. ஐந்து வருடம் கழித்து விற்கப் போகும்போது, கேஜ் வைப்பவர் அந்தக் கதவுகளில் 250 பார்த்தால் "பெரிய ஆக்சிடெண்ட் வண்டி" என்று விலையைக் குறைப்பார். ஷோரூம் மனத்திருப்திக்காக அடித்துக் கொடுத்தது என்று நீங்கள் சொல்வதை யார் நம்புவார்கள்?

இன்னொன்றையும் யோசியுங்கள். நான்கு கதவும் ஒரே மாதிரி ஆகிவிட்டால், இடது பின்கதவு மட்டும் தனித்துத் தெரிவது நின்றுவிடும். அவர்கள் அந்த எண்ணத்தில் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேஜ் வைத்து அளப்பதற்கு முன் உங்கள் சாட்சியை நீங்களே அழித்துக்கொள்ள வேண்டாம்.

28,000 ரூபாய் கண்ணாடி

பக்கத்து வீட்டுப் பையன் சொல்வது பொய் இல்லை. 2000, 2500, 3000 எண்ணுள்ள மிக நைசான வாட்டர் பேப்பரில் மேட்டை மட்டும் சீவி, காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையும் பாலிஷும் போட்டால் கதவு கண்ணாடி ஆகும். ஆனால் சீவுவது எதை? 40 மைக்ரான் கிளியர் கோட்டை. மேட்டைப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவர 5 முதல் 10 மைக்ரான் போகலாம், கை தவறினால் இன்னும் அதிகம். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் இருப்பது அந்தக் கிளியரில்தான். மெலிந்துபோன கிளியர் நம்மூர் வெயிலில் சில வருடத்தில் வெளிறி, தோல் உரிவது மாதிரி திட்டுத் திட்டாகப் பெயரும். அப்போது பாலிஷால் மீட்க முடியாது. ஆலைப் பெயிண்ட்டில் 8 மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது என் கணக்கு. சாதாரண கேஜ் எல்லா அடுக்கையும் சேர்த்துத்தான் காட்டும். கிளியர் மட்டும் எவ்வளவு மிச்சம் என்று பிரித்துச் சொல்ல அல்ட்ராசோனிக் கேஜ் வேண்டும், அது எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. விளிம்பும் மடிப்பும் தேய்க்கும்போது முதலில் ஓட்டையாகும் இடங்கள். இதோடு, நீங்கள் பெயிண்ட்டைத் தேய்த்தீர்கள் என்று தெரிந்தால் கம்பெனி அந்த இடத்தின் பெயிண்ட் வாரண்டியை மறுக்க இடம் கிடைக்கும்.

செராமிக் கோட்டிங் பற்றிய நம்பிக்கையையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். அது பள்ளத்தை நிரப்பாது. ஓரிரு மைக்ரான், பல நேரம் அதற்கும் குறைவான ஒரு படலம்தான். பளபளப்பைக் கூட்டும் என்பதால் நெளிவு இன்னும் துல்லியமாகத் தெரியவும் செய்யலாம். அதைப் போடுவதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், ஆரஞ்சுத் தோல் அதில் ஒன்று அல்ல. "புது பெயிண்ட் காயட்டும், மூணு மாசம் கழிச்சு பாலிஷ் போடலாம்" என்று அந்தப் பையன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆலைப் பெயிண்ட் சூளையிலிருந்து வெளியே வரும்போதே முழுக்கக் காய்ந்ததுதான். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியது பாடி ஷாப்பில் அடித்த பெயிண்ட்டுக்கு.

மனசு கேட்கவே இல்லை என்றால் ஒரு நடுவழி இருக்கிறது. வாட்டர் பேப்பர் இல்லாமல், நல்ல கை ஒன்று மெஷினில் மெல்லிய பாலிஷ் மட்டும் போட்டால் 1 முதல் 3 மைக்ரான்தான் போகும். நீள அலை அப்படியே இருக்கும், குறு அலை ஓரளவு அடங்கி, பிம்பத்தின் தெளிவு கூடும். ஓட்டுநர் கதவில் மட்டும், முன்னும் பின்னும் கேஜ் வைத்து, செய்து பாருங்கள். பிடித்தால் மற்றக் கதவுகள். பானெட்டையும் கூரையையும் தொடவே வேண்டாம். நாள் முழுக்க வெயில் விழுவது அங்கேதான், நெளிவு குறைவாக இருப்பதும் அங்கேதான்.

என் வண்டி என்றால் இதையும் செய்ய மாட்டேன். மாமனார் பக்கம்தான் நான்.

வேறு புது வண்டி கேட்க முடியுமா

மேடு பள்ளத்தை மட்டும் வைத்து என்றால், கிடைக்காது என்றே சொல்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "குறைபாடு" என்று சொல்வது, சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரத்தில், அல்லது விற்பவர் தானே வாக்குக் கொடுத்த தரத்தில் வரும் குறையை. கார் பெயிண்ட் இத்தனை வழவழப்பாக இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் எல்லை வகுக்கவில்லை. வண்டி முழுக்க ஒரே சீராக இருக்கும் நெளிவை "இது எங்கள் தர எல்லைக்குள்தான்" என்று கம்பெனி சொன்னால், அதை உடைப்பது கடினம். உண்மையான குறை இருந்தாலும்கூட, ஒரு பாகத்தைச் சரிசெய்தால் போதும் என்கிற இடத்தில் முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று மாருதி உத்யோக் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கீழே இருக்கும் நுகர்வோர் ஆணையங்கள் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும்.

ஆனால் கேஜ் இடது பின்கதவில் 280 காட்டினால் கதை வேறு. அப்போது வழக்கு வழவழப்பைப் பற்றியது இல்லை, மறைத்ததைப் பற்றியது. வாங்கும் பொருளின் தரம் பற்றித் தெரிவிக்கப்படும் உரிமையை அதே சட்டம் உங்களுக்குத் தருகிறது. ரிப்பேர் செய்த வண்டியை, சொல்லாமல், முழு விலைக்குப் புதிது என்று விற்பதை நேர்மையற்ற வணிக முறை என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. டெலிவரியின்போது "திருப்தி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று பயப்படுகிறீர்கள். கண்ணுக்குத் தெரிந்த கீறலுக்கு அந்தக் கையெழுத்து உங்களுக்கு எதிராக நிற்கலாம். தெரியாமல் மறைக்கப்பட்டதற்கு நிற்காது.

கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு வழக்கு அமெரிக்காவில் மிகவும் பேசப்பட்டது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் ஐரா கோர் என்ற மருத்துவர் 1990-ல் ஒரு கறுப்பு பிஎம்டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் குறை எதுவும் அவர் கண்ணில் படவில்லை. இன்னும் பளபளப்பாக்கலாமே என்று ஒரு டீடெய்லிங் கடைக்குக் கொண்டுபோனபோது, கடைக்காரர்தான் இது ரீபெயிண்ட் என்று கண்டுபிடித்தார். வழியில் அமில மழை பட்டுப் பெயிண்ட் கெட்டு, சுமார் 600 டாலர் செலவில் மறுபடி அடித்திருந்தார்கள். செலவு வண்டி விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் டீலரிடம்கூடச் சொல்வதில்லை என்பது அப்போது அங்கே கம்பெனியின் கொள்கை. வண்டியின் மதிப்பு குறைந்ததற்கு 4,000 டாலர், தண்டனையாக 40 லட்சம் டாலர் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. தண்டனைத் தொகையை அலபாமா நீதிமன்றம் பாதியாக்கியது. அதுவும் அளவுக்கு மீறியது என்று 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லி, கடைசியில் அது 50,000 டாலரில் வந்து நின்றது. அந்த மாதிரித் தொகையை நம்மூரில் எதிர்பார்க்காதீர்கள். நான் இதைச் சொல்வது அந்த 4,000 டாலருக்காக. மதிப்புக் குறைவு என்பது கணக்குப் போட்டுக் கேட்கக்கூடிய நஷ்டம். நீங்கள் கேட்க வேண்டியதும் அதுதான்: ஒரு கதவு ரீபெயிண்ட் ஆனதால் வண்டியின் மறுவிற்பனையில் குறையும் தொகை, மன உளைச்சலுக்கு ஓரளவு இழப்பீடு, அந்தக் கதவின் பெயிண்ட்டுக்குக் கம்பெனி வாரண்டியின் காலம் முழுக்க எழுத்தில் உத்தரவாதம். புது வண்டி என்று ஆரம்பித்தால், கிடைக்கக்கூடியதும் கிடைக்காமல் இழுபறியாகும்.

யார் செய்தது என்பதும் முக்கியம். டீலர் தானாகச் செய்த தவறுக்கு, தயாரிப்பாளருக்கு அது தெரியும் என்று காட்டாமல் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொன்னது. அதனால் புகாரில் இருவரையும் சேர்த்தாலும், ஆவணம் தேட வேண்டியது முதலில் டீலரிடம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வாயால் பேசியது போதும். கேஜ் எண்களும் படங்களும் கையில் வந்ததும், ஷோரூமுக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். சேஸி எண்ணைக் குறிப்பிட்டு மூன்றே விஷயம் கேளுங்கள்: டெலிவரிக்கு முன் சோதித்த பிடிஐ தாளின் நகல்; இந்தச் சேஸி எண்ணில் பாடி ஷாப் வேலை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்ற விவரம்; இடது பின்கதவின் பெயிண்ட் கனம் முன்கதவிலிருந்து மாறுபடுவதற்கு எழுத்தில் விளக்கம். கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். மூன்று கதவையும் பெயிண்ட் அடிக்கும் யோசனையை ஏற்கவில்லை என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். கேஜில் நான்கு கதவும் ஒரே மாதிரி வந்து, மாஸ்கிங் தடமும் இல்லை என்றால் இந்த மின்னஞ்சலுக்கே தேவை இல்லை. வண்டியை நிம்மதியாக ஓட்டுங்கள்.

பதினைந்து நாளில் உருப்படியான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். பல டீலர்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வருவார்கள். அதற்கும் அசையாவிட்டால் வக்கீல் நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். ஷோரூம் கோவையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடச் சட்டம் இடம் தருகிறது. 10 முதல் 20 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடக் கெடு உண்டு. டெலிவரி தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. வெறும் கண்ணால் தீர்மானிக்க முடியாத குறை என்றால் பொருளைத் தகுந்த ஆய்வகத்தில் சோதிக்க ஆணையமே உத்தரவிடலாம். அதனால் இன்றைக்கே பெரிய நிபுணருக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. கேஜ் எண்கள் ஆரம்பத்துக்குப் போதும்.

அதுவரை இடது பின்கதவில் பாலிஷ், செராமிக், பிபிஎஃப் (பெயிண்ட்டைக் காக்க மேலே ஒட்டும் ஃபிலிம்) எதையும் போட விடாதீர்கள். பிபிஎஃப் குறிப்பாக வேண்டாம். சரியாக ஒட்டாத ரீபெயிண்ட்டின் மேல் அந்த ஃபிலிமை ஒட்டி, பின்னால் உரித்தால் பெயிண்ட்டையும் சேர்த்தே கொண்டுபோகும். அப்புறம் அதை உரித்தது யார் என்று ஒரு புது வழக்கு ஆரம்பிக்கும்.